ஃபிரெடி கைவைத்த ஹெட்போன்கள்

புகார்க் கடிதம் தயாராக இருந்தது. தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பொறுத்துக்கறேன்," என்றார் ஷ்யாம்சுந்தர். "அதுவும் நேத்து ஃபிரெடி சம்சாரம் அபிகாயில் இங்க வந்து நின்னு அழுததுக்காக. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அபிகாயில் கேட்டுக்கொண்டதால் அவர் வீட்டுக்கு வந்திருந்த வேதா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள் அவள். நிறுவனம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கிட்டு என்கிற உதவியாளன், அவ்வளவுதான். அந்த அறையில் ஓயாமல் சத்தம் போடுவது மின்விசிறி அல்ல.

கடிதத்தின் சாரம் இதுதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் விலை உயர்ந்த ஹெட்போன்களைப் பிரித்து மேம்படுத்தித் தரும் ஃபிரெடி என்பவர், நம்பிக் கொடுத்த ஹெட்போனிலிருந்து அசல் டிரைவர்கள் இரண்டையும் கழற்றிக்கொண்டு போலியைப் பொருத்தித் தந்துவிட்டார். டிரைவர் என்பது ஹெட்போனுக்குள் உட்கார்ந்து பாடுகிற குட்டி ஸ்பீக்கர். காதுக்கு ஒன்று. அதுதான் பொருளின் உயிர்.

கூடத்து மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. சுற்றிலும் பழுப்பு டேப், டேப்பின் மேல் நாலு பக்கமும் ஷ்யாம்சுந்தரின் கையெழுத்து.

"இதுக்குள்ளயா சார் மூணு லட்சம்?" என்றான் கிட்டு. "அந்தக் காசுக்கு எங்க தெருவுல கல்யாணமே முடிச்சிடலாம். நாயனத்தோட."

ஷ்யாம்சுந்தர் சிரிக்கவில்லை. சேலையூரில் இருபது வருடமாக இருக்கிறவர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பாட்டு கேட்பது ஒன்றே அவருடைய பொழுது, அவருடைய செலவு.

"மூணு வாரத்துக்கு முன்னாடி குடுத்தேன். காது மேல அழுத்துது, சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்கு, சரி பண்ணுங்கன்னேன். திரும்பி வந்தப்போ தலையில போட்டேன். போட்டிருக்கறதே தெரியல, அவ்வளவு சுகமா உட்கார்ந்தது. பாட்டை வெச்சேன். தகர டப்பா! வயலின் வந்தா காதுல குண்டூசி."

"வேலை சரியா அமையாம போயிருக்கலாமே சார்?" என்று கேட்டாள் வேதா.

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், உங்களுக்கு ஃபிரெடி காதைப் பத்தித் தெரியாது. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை நாங்க எட்டுப் பத்துப் பேர் அவர் வீட்டு மாடியில கூடுவோம். கண்ணைத் துண்டால கட்டிக்கணும். பக்கத்துல இருக்கறவர் ஒரு ஹெட்போனை எடுத்துத் தலையில மாட்டி விடுவார். எது என்னன்னு தெரியாம கேட்டு மார்க் போடணும். எங்களுக்கு எது உசத்தின்னு சொல்லவே நாக்குத் தள்ளும். ஃபிரெடி பத்து செகண்ட் கேட்டுட்டு, என்ன மாடல், காது மெத்தை தோலா வெல்வெட்டா, இடது பக்கம் காத்துப் போற ஓட்டையில டேப் ஒட்டியிருக்கா இல்லையான்னு சொல்லிடுவார். அந்தக் காது தப்பு பண்ணவே பண்ணாது. அப்போ தப்பு பண்ணினது கைதான்."

பெட்டியைப் போலீஸ் முன்னால்தான் திறப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஹெட்போனோடு வந்த அட்டையின் நகலை மட்டும் கொடுத்தார். அதில் அசல் டிரைவர்கள் இரண்டின் எண்களும் இருந்தன.

மணி பதினொன்று ஆகியிருந்தது.

* * *

ராஜகீழ்ப்பாக்கத்தில் மின்சாரம் போயிருந்தது. ஃபிரெடி வீட்டு மாடிப்படி ஏறும்போதே 'கீக்... கீக்...' என்று யூபிஎஸ் கத்துவது கேட்டது.

ஃபிரெடி அந்த யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இடுக்கியால் ஒரு துண்டு டேப்பை ஹெட்போன் ஓட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கசங்காத சட்டை, பாக்கெட்டில் பேனாவுக்குப் பதில் மூன்று திருப்புளிகள். இவர்கள் அறைக்குள் வந்து எதிரே நின்ற பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தார்.

"திருடணும்னா ஏழு வருஷம் எதுக்கு மேடம் காத்துக்கிட்டிருக்கணும்?" வேதா பேச்சை எடுத்ததுமே ஆரம்பித்தார். "இதைவிட விலையெல்லாம் என் கையால போயிருக்கு. ஒரு திருகாணி குறைஞ்சதுன்னு யாராவது சொல்லட்டும்."

பேசும்போதெல்லாம் அவர் பார்வை வேதாவின் வாயிலேயே இருந்தது. காலையில் குடித்த காபி உதட்டில் ஒட்டியிருக்கிறதோ என்று வேதா கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். அப்போதும் பார்வை நகரவில்லை. இன்னொரு முறை துடைத்தாள். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஜன்னல் ஓரம் போயிருந்த கிட்டு, ஃபிரெடியின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "சார், அப்படியே இந்த யூபிஎஸ்ஸையும் ட்யூன் பண்ணி விடுங்களேன். வந்ததுலேர்ந்து ஒரே சுருதி. பேஜாரா கீது."

ஃபிரெடி திரும்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கிட்டுவின் முகம் சுண்டிப்போயிற்று. திட்டினால்கூடத் தாங்குவான், கண்டுகொள்ளாவிட்டால் அவனுக்கு ஆகாது.

அதற்குள் படியில் தடதடவென்று காலடி. ஃபிரெடியின் மனைவி அபிகாயில் ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அன்று சனிக்கிழமை விடுமுறை. நேரே போய் யூபிஎஸ்ஸின் பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைத்தாள். "கரண்ட் போனா இது ஒரு தொல்லை," என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அங்கேயே நின்றாள்.

"ஷ்யாம்சுந்தர் ஹெட்போன்ல என்னதான் பண்ணினீங்க?" என்றாள் வேதா.

ஃபிரெடியின் முகம் மலர்ந்தது. திருட்டுப் பட்டம் கட்டியிருக்கிறார்கள் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது போலிருந்தது. "டிரைவருக்கு முன்னால மெல்லிசா ஒரு ஃபெல்ட் துணி இருக்கும் மேடம். கம்பளி மாதிரி. அது சத்தத்தோட கூரைக் கொஞ்சம் மழுக்கும். சார் மந்தமா இருக்குன்னாரா, ஓரத்துல கொஞ்சம் வெட்டினேன். கேட்டுப் பார்த்தேன், பத்தல. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். அப்பவும் பத்தல. கடைசியில முழுசா எடுத்ததுக்கப்புறம்தான் எனக்குத் திருப்தி. இந்த வருஷத்துலயே நான் பண்ணின நல்ல வேலை அதுதான்."

பிறகு வேதாவைக் கேட்காமலே ஒரு ஹெட்போனை எடுத்து அவள் தலையில் வைத்தார். இரண்டு விரலால் அளவு பார்த்தார். "உங்களுக்கு வலப் பக்கம் நெத்திப்பொட்டு கொஞ்சம் அகலம் மேடம்," என்று சொல்லி, கழற்றி, வளையத்தை ஒரு நூல் அளவு வளைத்து மறுபடி மாட்டினார். தலையில் ஒன்று இருக்கிற நினைப்பே வேதாவுக்கு வரவில்லை.

"மேடத்துக்குத் தலைக்கனம் ஒரு பக்கமாத்தான் இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றான் கிட்டு, இந்த முறை எதிரே வந்து நின்று. ஃபிரெடி வாய்விட்டுச் சிரித்தார்.

கடந்த இரண்டு வருடத்தில் வேலை கொடுத்தவர்களின் பெயர்களை வேதா வாங்கிக்கொண்டாள். "காது மெத்தையைக் கழட்டினா உள்ளே சின்ன ஸ்டிக்கர் இருக்கும் மேடம்," என்றார் ஃபிரெடி. "நான் செஞ்சு முடிச்ச தேதி. அது என் பழக்கம்."

படி இறங்கும்போது அபிகாயில் பின்னாலேயே வந்தாள். "எது தெரிஞ்சாலும் அவர்கிட்டயே சொல்லிடுங்க மேடம்," என்றாள். "எதுவா இருந்தாலும்." புருஷனைக் காப்பாற்றுங்கள் என்று அவள் சொல்லவில்லை. வேதாவுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

* * *

கூடுவாஞ்சேரியில் ஞானையா கதவைப் பாதிதான் திறந்தார். கோயில் பாடகர் குழுவை முப்பது வருடம் நடத்தியவர். ஃபிரெடியின் பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டார். ஹெட்போனைக் காட்டச் சொன்னதும் திருதிருவென்று விழித்தார்.

வேதா மெத்தையைக் கழற்றினாள். ஸ்டிக்கரில் போன டிசம்பர் தேதி. அதன்மேல் பொத்தென்று ஒரு பஞ்சுருண்டை விழுந்தது.

"காயம் பட்டுச்சா சார்?" என்றான் கிட்டு.

"தம்பி, இதை ஃபிரெடிகிட்ட சொல்லிடாத," பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரொம்பக் கூரா இருந்துச்சு. பஞ்சு வெச்சாத்தான் கேக்க முடியுது. எனக்கும் எழுபத்தொண்ணு ஆகுது, என் காதுதான் பழுதாப் போச்சு. அவன் வேலையை நான் குறை சொல்ல முடியுமா?"

மறைமலை நகரில் மிருதுளா இன்னும் ஒரு படி மேலே போயிருந்தாள். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற இன்ஜினீயர். ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவள். அவளிடம் ஃபிரெடி செய்துகொடுத்த ஹெட்போன்கள் மூன்று இருந்தன. மூன்றையும் கட்டில்மேல் வரிசையாக வைத்து மெத்தைகளைக் கழற்றினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி போட்டதில் ஃபெல்ட் துணி முழுசாக இருந்தது. வேறொன்றும் இல்லை. போன வருடத்து ஹெட்போனில் பாதித் துணிதான் இருந்தது. அதன்மேல் ஒரு மடிப்பு டிஷ்யூ பேப்பரை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தாள். ஐந்து மாதத்துக்கு முந்தையதில் துணி கால்வாசிதான். டிஷ்யூ மூன்று மடிப்பு.

"அடுத்தது தலையணைதான்," என்றான் கிட்டு.

மிருதுளாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "ஃபிரெடி அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க ப்ளீஸ். மத்தவங்களும் இப்படித்தான் பண்றாங்களான்னு எனக்குத் தெரியாது, நான் யாரையும் கேக்கல. கேட்டா, உனக்குக் கேக்கத் தெரியலைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அண்ணா சரியாத்தான் பண்ணியிருப்பார், எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு ஈஎன்டி டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

அவள் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருந்தது.

வேதா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு கட்டும் பழக்கம் நினைவுக்கு வந்தது. "மிருதுளா, முதல் ஞாயித்துக்கிழமை ஃபிரெடியும் கண்ணைக் கட்டிக்கறாரா?"

"முன்னாடி கட்டிப்பார். இப்போ ஒரு வருஷத்துக்கு மேலயே இல்ல. எல்லாருக்கும் மாட்டி விடறார், நடத்தித் தர்றார், அதோட சரி. நீங்க கத்துக்கணும், நான் விலகி இருக்கேன்பார். எவ்வளவு பெரிய மனசு பாருங்க."

"கிட்டு," என்றாள் வேதா. "காலையில ஃபிரெடி உன் யூபிஎஸ் ஜோக்குக்கு ஏன் சிரிக்கல?"

"ரசனை இல்ல மேடம்."

"தலைக்கன ஜோக்குக்குச் சிரிச்சாரே."

"அது நல்ல ஜோக்."

"முதல் ஜோக்கை எங்க நின்னு சொன்ன?"

"ஜன்னல்கிட்ட. அவர் முதுகுக்குப் பின்..." கிட்டு பாதியில் நிறுத்தினான். வாயைத் திறந்தபடி அவன் சும்மா இருந்ததை வேதா அன்றுதான் பார்த்தாள்.

கீச்சுக் குரல்கள், வயலினின் உச்சி, யூபிஎஸ்ஸின் அலறல், பேச்சில் வருகிற மெல்லிய எழுத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்த மனிதரின் காதை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. போகப் போக அவர் துணியை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார், தனக்குக் கேட்கிற வரைக்கும். வாடிக்கைக்காரர்களோ அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சும் பேப்பரும் அடைத்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட அவரைச் சந்தேகப்படவில்லை. தங்கள் காதைச் சந்தேகப்பட்டார்கள். ஷ்யாம்சுந்தருக்குத் தன் காதின்மேல் நம்பிக்கை அதிகம். அதனால் அவர் ஃபிரெடியின் கையைச் சந்தேகப்பட்டார்.

"அப்போ டிரைவரை யாரும் மாத்தல," என்றான் கிட்டு வெளியே வந்து பைக்கை உதைத்தபடி. "உள்ளே அசலேதான் இருக்கு. எண்ணைப் பார்த்தா தீர்ந்தது. அவர் திருடன் இல்ல. நல்ல சேதிதானே மேடம்?"

வேதா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரைக்கும் யோசித்துப் பார்த்தாள். நல்ல சேதி என்று அதற்குப் பெயர் வைக்க அவளால் முடியவில்லை.

* * *

அபிகாயில் கேட்டருகிலேயே காத்திருந்தாள். மணி நாலே கால்.

"அவர் திருடலம்மா," என்று ஆரம்பித்தாள் வேதா. "அவருக்கு..."

"காது கேக்கல," என்றாள் அபிகாயில்.

கிட்டு பைக்கிலிருந்து இறங்க மறந்து அப்படியே நின்றான்.

"ரெண்டு வருஷமாத் தெரியும் மேடம். காலிங் பெல் கேக்கறதில்ல. பால் குக்கர் விசில் அடிச்சு அடிச்சு அடங்கும், பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார். நான்தான் ஓடி ஓடி எல்லாத்தையும் நிறுத்தறேன், அவர் கவனிச்சிடக் கூடாதேன்னு. ஒரு தடவை ஜாடையா சொன்னேன். மூணு நாள் பேசல."

"எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க, தெரிஞ்சிருந்தும்?"

"நான் சொன்னா அது புருஷன் பொண்டாட்டி சண்டை. நீங்க சொன்னா ரிப்போர்ட்." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தைரியம் இல்ல மேடம். நீங்க போய்ச் சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள சொன்னா ஜெயிலுக்குப் போகாம இருப்பார்."

வேதா இதுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ கசப்பான விஷயங்களைச் சொல்லியிருக்கிறாள். கடைக்குத் தானே தீ வைத்தவனிடம், உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியவனிடம். அதிலெல்லாம் எதிராளி பொய்க்காரன். இந்த மாடிப்படியை ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினாள்.

ஃபிரெடி மேஜையில்தான் இருந்தார். அவர் தன் வாயைப் பார்க்க வசதியாக வேதா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இடுக்கியைக் கீழே வைத்தார்.

"மிருதுளா ஹெட்போனைப் பார்த்தோம் சார். ஞானையா ஹெட்போனையும் பார்த்தோம். உள்ளே பஞ்சும் பேப்பரும் வெச்சிருக்காங்க."

"எல்லாருமா?"

"பார்த்த வரைக்கும்."

ஃபிரெடி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அபிக்குத் தெரிய வேண்டாம் மேடம். அவ தாங்க மாட்டா."

கிட்டு தரையைப் பார்த்துக்கொண்டான்.

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது," என்றார் ஃபிரெடி. "சந்தேகம் வரும். உடனே அடுத்த ஹெட்போனைக் கையில எடுப்பேன். கை பாட்டுக்கு வேலை செய்யும். சந்தேகம் போயிடும்." கொஞ்ச நேரம் கைகளையே பார்த்தார். பிறகு மேஜைக்குக் குறுக்கே குனிந்தார். "மேடம், ஒரு உதவி. நான்தான் டிரைவரை எடுத்தேன்னு எழுதிக் குடுத்திடுங்க."

"நீங்க எடுக்கலையே!"

"திருடன்னா ஜாமீன் இருக்கு. வெளிய வந்து மறுபடி இதே மேஜையில உட்காருவேன். 'ஆள் ஒரு மாதிரி, ஆனா காது இருக்கே, அதை அடிச்சிக்க ஆள் இல்ல'ம்பாங்க. பொருளைக் கண்ணு முன்னால வெச்சுக்கிட்டாவது வேலை வாங்கிட்டுப் போவாங்க. காது போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் வர மாட்டாங்க மேடம். பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது வேதாவின் தொழில். செய்யாத குற்றத்தை ஒருவர் கையேந்திக் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

சாத்திய கதவைத் தட்டிவிட்டு ஷ்யாம்சுந்தர் உள்ளே வந்தார். கையில் பெட்டி, சட்டைப் பையில் கடிதம். பின்னால் அபிகாயில். மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"ஸ்டேஷன் போற வழி. கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னு..." என்று அவர் முடிப்பதற்குள் ஃபிரெடி எழுந்து நின்றார்.

"ஆமா சார். நான்தான் எடுத்தேன்."

"ஏங்க!" என்று அபிகாயில் அலறினாள்.

ஷ்யாம்சுந்தர் எதிர்பார்த்து வந்த வார்த்தைதான். ஆனாலும் அவர் முகம் வெளுத்துப்போனது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க இப்போ? என் டிரைவர் எங்க?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"பேர் என்ன?"

ஃபிரெடியின் கண்கள் மேஜையெல்லாம் அலைந்தன. இத்தனை நாளில் பொய் சொல்லிப் பழகவில்லை. "பேர் கேக்கல சார்."

"ஏழு வருஷம், ஃபிரெடி," என்றார் ஷ்யாம்சுந்தர். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து எழுந்தார்.

அபிகாயில் வேதாவைப் பார்த்தாள். ஃபிரெடியும் வேதாவைப் பார்த்தார். ஒருத்தி பேசு என்றாள், இன்னொருவர் பேசாதே என்றார். பேசினால் அந்த மேஜையில் இனி வேலை இல்லை. பேசாவிட்டால் செய்யாத திருட்டுக்குப் போலீஸ். இரண்டில் எது நல்லது என்று வேதாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் பொய்யென்று தெரிந்த வாக்குமூலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் அவளால் ஆகவில்லை.

"சார், டேப்பைப் பிரிங்க."

"வேண்டாம் மேடம்," என்றார் ஃபிரெடி. கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம்."

ஷ்யாம்சுந்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியால் டேப்பைக் கீறி, ஹெட்போனை எடுத்து, காது மெத்தைகளைத் தானே கழற்றினார். மறைக்க ஃபெல்ட் துணி இல்லாததால் டிரைவர்கள் பளிச்சென்று தெரிந்தன. விளிம்பில் பொடி எழுத்தில் எண்கள். கிட்டு அட்டையின் நகலைப் பார்த்து வாசித்தான். வழக்கமாக ஒரு எண்ணுக்கு ஒரு கிண்டல் சொல்கிறவன், அன்று எண்களை மட்டும் வாசித்தான். இடது சரியாக இருந்தது. வலதும் சரியாக இருந்தது.

"அசல்தான்," என்றார் ஷ்யாம்சுந்தர் குழப்பத்தோடு. "ரெண்டும் அசல்தான். அப்புறம் எதை வித்தீங்க?"

ஃபிரெடி தலையைக் குனிந்துகொண்டார். அபிகாயில் வந்து அவர் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் ஃபிரெடிக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று.

ஷ்யாம்சுந்தர் துணி இல்லாத அந்த வெற்று டிரைவரை வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்து ஃபிரெடியின் காதுகளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். ஃபிரெடியின் முகத்துக்கு நேரே போய் நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, மாடியே அதிரும்படி கத்தினார்.

"ஃபிரெடி! நான்! கம்ப்ளெயின்ட்! குடுக்கல!"

ஃபிரெடி அடிவாங்கியவர் போல ஒரு அடி பின்னால் போனார்.

"கத்தாதீங்க சார்," என்றார். "எனக்குக் கேக்குது."

ஷ்யாம்சுந்தர் பதறிப்போய், பாவம் பாவம் என்று தலையை ஆட்டிக்கொண்டு, அபிகாயில் பக்கம் திரும்பினார்.

"நான் கம்ப்ளெயின்ட் குடுக்கலைன்னு அவர்கிட்ட சொல்லிடும்மா," என்றார்.